படத்தில் விழாத தெரு

ஆகஸ்ட் 3

தம்பி,

கடிதமா, அதுவும் அக்காவிடமிருந்தா என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம். நாடுகள் எல்லாம் கூடும் டிசம்பர் கூட்டம் முடியும்வரை எங்கள் போன், மெயில் எல்லாவற்றையும் அலுவலகம் பார்க்கிறது. நான் இதை எழுதுவதே தப்பு, தெரிந்தால் வேலை போகும். படித்ததும் கிழித்து அடுப்பில் போடு. அம்மாவிடம் மட்டும் கொடுத்துவிடாதே, துணிகளுக்கு அடியில் வைத்துப் பத்து வருடம் காப்பாற்றுவாள்.

"எங்கக்கா கடலுக்கு வேலி போடுறா" என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாய். கிட்டத்தட்ட அதுதான் என் வேலை. அதிகமாகப் புகை விட்ட நாடுகள் சேர்ந்து ஒரு பொது நிதி வைத்திருக்கின்றன. கடல் ஏறி வரும் ஊர்களில் அதிலிருந்து தடுப்புச் சுவர் கட்டுவார்கள். எல்லா ஊருக்கும் போதாது, ஒரே ஊரில்கூட எல்லாத் தெருவுக்கும் போதாது. எந்த இடத்தைக் காப்பாற்றினால் எவ்வளவு நன்மை என்று பார்த்து, சுவர் போகும் வழியை வரைபடத்தில் கோடாகப் போடுவது எங்கள் பிரிவு.

நேற்று நம் ஊரின் வரைபடம் என் மேஜைக்கு வந்தது. கோடு சந்தையைச் சுற்றி, துறைமுகக் கிடங்குகளைச் சுற்றி, கால்வாயின் அக்கரையைக்கூடச் சுற்றிக்கொண்டு வந்து, நம் தெருமுனைத் தையல்காரர் கடைக்கு முன்னால் சட்டென்று திரும்பிவிடுகிறது. நம் தெருவும் அதன் சந்துகளும் கோட்டுக்கு வெளியே இருக்கின்றன. நம் வீடு இருக்கும் இடத்தில் "ஆளில்லாத நிலம்" என்று போட்டிருக்கிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் எல்லோரும் இருக்கிறார்கள் அல்லவா? யாராவது காலி செய்துகொண்டு போனார்களா, என்னிடம் சொல்லாமல் மறைக்கிறீர்களா? உன் மனைவிக்கு ஆறாவது மாதம் நடக்கும் நேரத்தில் இப்படிக் கேட்கிறேனே என்று கோபிக்காதே. உடனே பதில் போடு.

அக்கா

*

ஆகஸ்ட் 14

ஆளில்லாத நிலத்திலிருந்து ஆள் எழுதுகிறேன்.

அக்கா, எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். தையல்காரர் இருக்கிறார், இன்றைக்கும் என் சட்டையில் பித்தானை இடம் மாற்றித் தைத்துக் கொடுத்தார். அம்மா இருக்கிறாள், அவள் இருப்பது சந்தைவரை கேட்கும். உன் தம்பி பொண்டாட்டி இருக்கிறாள். வாரம் ஒருமுறை அக்கரையிலிருந்து நர்ஸம்மா படகில் வந்து அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறது அப்பன மாதிரி, சும்மா இருக்க மாட்டேங்குது" என்கிறார். வீட்டுக்கு வீடு ஆள். உங்கள் ஆபீசில் யாருக்கோ கண் தெரியவில்லை.

இருட்டாக இருப்பது வேறு விஷயம். நான்கு வருடத்துக்கு முன்னால் நீ சொல்லித்தானே ஒரு விமானக் கம்பெனியோடு அந்த விளக்கு ஒப்பந்தம் போட்டோம்? தெருவிளக்கை எரிக்கக் கூடாது, வீட்டுக்கு ஒரு சின்ன பல்பு, ஜன்னலுக்குக் கனமான திரை. நாங்கள் மிச்சம் பிடிக்கும் கரண்டை அந்த விமானக் கம்பெனி தான் குறைத்த புகை என்று கணக்குக் காட்டிக்கொள்கிறது. நாங்கள் ஏற்றாத விளக்கில் அவர்கள் பறக்கிறார்கள். அதற்குப் பதிலாகத் தெருவுக்கு ஒரு பெரிய பம்ப் கொடுத்தார்கள், அதை ஓட்டுகிற உத்தியோகம் எனக்கு. விளக்கு இன்ஸ்பெக்டர் ஒருத்தர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சந்து சந்தாக வந்து பார்த்துவிட்டுப் போவார். புகையைக் குறைத்த முன்மாதிரித் தெரு என்று எங்களுக்கு ஒரு பலகைகூட வந்தது. இருட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை.

அந்தப் பம்ப் இல்லையென்றால் நாங்கள் இல்லை. கடல் ஏறும் நேரத்தில் சாக்கடை வழியாகத் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வருகிறது, நீ இருந்தபோது இவ்வளவு இல்லை. நான் பம்ப்பைப் போட்டு அதைக் கால்வாய்க்குத் தள்ளுகிறேன். அது ஓடும் சத்தம் கேட்டால்தான் தெருவே கண்ணை மூடும்.

தப்பை உங்கள் ஆளிடம் சொல்லித் திருத்து. இதற்குப் போய் ஏன் இப்படிப் பதறுகிறாய்?

உன் தம்பி

*

ஆகஸ்ட் 25

தம்பி,

உன் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் நின்று படித்தேன். "இருட்டாக இருப்பது வேறு விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். வேறு விஷயம் இல்லையடா. அதுதான் விஷயம்.

இத்தனை நாட்டில் இத்தனை ஊர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளை அனுப்பி எண்ண முடியாது. அதனால் செயற்கைக்கோள் இரவில் எடுக்கும் படத்தை வைத்துக்கொள்கிறோம். வெளிச்சம் இருந்தால் அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், தொழில் நடக்கிறது. வெளிச்சம் கூடக்கூடக் காப்பாற்ற வேண்டியதும் கூடும். வெளிச்சம் இல்லாவிட்டால் வெறும் நிலம். நான்கு வருடமாக நம் தெரு மேலிருந்து பார்த்தால் கருப்பு. புகையைக் குறையுங்கள் என்று சொன்னோம், குறைத்தீர்கள், குறைத்ததால் காணாமல் போய்விட்டீர்கள். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது, அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பிரிவுத் தலைவரிடம் போனேன். அந்த இடத்தில் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. "உங்களுக்குத் தெரிவது கணக்கில் வராது, படத்தில் தெரிந்தால் கோட்டை மாற்றலாம்" என்றார். அக்டோபர் மாதப் படங்கள்தான் கடைசி. அதற்குப் பிறகு வரைபடத்தை மூடி, டிசம்பர் கூட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே அக்டோபர் முழுக்க விளக்கைப் போடுங்கள். இருக்கிற எல்லா விளக்கையும் போடுங்கள். திரையைக் கழற்றுங்கள். யார் சொன்னார்கள் என்று மட்டும் வெளியே சொல்லிவிடாதே.

அக்கா

*

செப்டம்பர் 4

அக்கா,

அம்மாவுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். (கிழிக்கச் சொன்னாய். கிழிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள்.) அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ அணைன்னா அணைக்கணும், அவ போடுன்னா போடணுமா? நாம என்ன மனுசங்களா, சுவிட்சா?"

ஒப்பந்தத்தை நீ மறந்திருக்க முடியாது. விளக்கைப் போட்டால் பம்ப்பைக் கழற்றிக்கொண்டு போவார்கள். அதுவும் எப்போது? கடல் உச்சத்துக்கு ஏறும் நவம்பருக்கு முன்னால். உன் தம்பி பொண்டாட்டிக்கு நாள் குறித்திருப்பதும் நவம்பர்.

தையல்காரர் கடையில் தெரு முழுக்கக் கூடிற்று. பாதிப் பேர் மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள், அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஓடற பம்ப்பக் குடுத்துட்டு வராத சுவருக்குக் காத்திருக்கணுமா?" என்று எதிர்வீட்டு டிரைவர் கேட்டார். "உங்கக்கா படிச்சவங்க, சும்மா சொல்ல மாட்டாங்க" என்று தையல்காரர் சொன்னார்.

போன தடவை வந்தபோது அம்மாவுக்கு உன் கணக்கை விளக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? நாளைக்கு வரும் நன்மையை இன்றைக்கு வருவதைவிடக் குறைத்துத்தான் மதிக்க வேண்டும், எவ்வளவு தள்ளி வருகிறதோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்றாய். உடனே அம்மா, "அப்ப எம் பேரன் பேத்திக்கு உங்க ஆபீசுல மதிப்பே இல்லையா?" என்றாள். நீ சிரித்து மழுப்பினாய். இப்போது மழுப்பாமல் சொல். சுவர் எப்போது வரும்?

இதுவரை விளையாட்டாக எழுதினேன். இனிமேல் முடியவில்லை. பம்ப் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இதன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 15

தம்பி,

மழுப்பாமல் சொல்கிறேன். சுவர் முடிய ஆறு வருடம் ஆகும். பணம் தருகிற நாடுகள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், எழுத வரவில்லை. சுவரில் முட்டும் தண்ணீர் மறைந்துபோவதில்லை, பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே போகும். சுவருக்கு வெளியே இருப்பவர்களுக்கு, சுவரே கட்டாமல் விட்டதைவிட நிலைமை மோசமாகும். வரைபடத்தில் அந்த இடங்களுக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறோம். நம் தெரு அந்த நிறத்தில் இருக்கிறது. உன் பம்ப்பைப் போலப் பத்து பம்ப் இருந்தாலும் அந்தத் தண்ணீரைத் தள்ள முடியாது.

பேச்சுவார்த்தையும் சரியில்லை. பெரிய நாடு ஒன்று தன் பங்கைப் பாதியாக வெட்டிவிட்டது. காலையில் அவர்களுடைய பிரதிநிதி எங்களோடு லிப்டில் வந்தார். நனைந்த குடையை மடித்து, பக்கத்தில் நின்றவர் மேல் படாமல் எவ்வளவு மரியாதையாகப் பிடித்துக்கொண்டார் தெரியுமா? அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கேட்டதற்கு எங்கள் கணக்கில் பதில் உண்டு, ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் இல்லை. பம்ப்பா சுவரா என்று என்னைக் கேட்காதே. நான் ஒன்று சொன்னால் நீங்கள் கேட்டுவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம். நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். எதுவானாலும் உன் மனைவியையும் அம்மாவையும் அக்டோபருக்குள் மேட்டுப் பக்கம் யார் வீட்டிலாவது கொண்டுபோய் விடு. இதை மட்டுமாவது கேள்.

அக்கா

*

அக்டோபர் 5

அக்கா,

போட்டுவிட்டோம்.

முடிவு செய்தது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உன் கடிதத்தில் அந்த நிறத்தைப் பற்றி இருந்த இடத்தைக் கடையில் படித்தேன். அப்புறம் டிரைவர் எழுந்து, "அப்ப நாம இருக்கோம்னு காட்டிட வேண்டியதுதான்" என்றார். வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

முதல் தேதி பொழுது சாயும் நேரத்தில் தெருவிளக்குப் பெட்டியில் கம்பெனி வைத்த முத்திரையை நான் உடைத்தேன். எல்லோரும் திரைகளைக் கழற்றினார்கள். மேடை அலங்காரம் செய்கிறவர் வாடகைக்கு விடும் சீரியல் பல்பு முழுவதையும் மொட்டைமாடிகளில் கட்டினார். டிரைவர் வேனின் முகப்பு விளக்கை வானத்தைப் பார்க்கத் திருப்ப முடியுமா என்று பார்த்து, கடைசியில் முன்சக்கரங்களைப் படியில் ஏற்றி நிறுத்தினார். நான்கு வருடம் கழித்து ராத்திரியில் தெருவில் நிழல் விழுந்தது. எதிர்வீட்டுக் குழந்தை தன் நிழலைப் பார்த்து மிரண்டு அழுதது.

அம்மா நடுத்தெருவில் வந்து நின்று, தலையைத் தூக்கி மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். "அவ பாத்துட்டு இருப்பாளாடா?" என்று கேட்டாள். படத்தில் கை எல்லாம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் ஆட்டினேன்.

இன்ஸ்பெக்டர் அடுத்த நாளே வந்தார். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை நடந்து பார்த்தார். "எவ்ளோ அழகா இருக்கு. ஆனா நான் எழுதித்தான் ஆகணும் தம்பி" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை.

மேட்டுப் பக்கம் போக இவள் ஒப்பவில்லை. நர்ஸம்மா படகில் வரக்கூடிய இடத்தில்தான் இருப்பாளாம். அம்மாவும் அவள் பக்கம். வீட்டில் இரண்டு பேர் ஒரே கட்சி என்றால் என் பாடு உனக்குத் தெரியும்.

வெளிச்சத்தில் தெரு நன்றாகத்தான் இருக்கிறது. பயமும் நன்றாகத் தெரிகிறது.

தம்பி

*

நவம்பர் 6

தம்பி,

தெரிந்தது. அக்டோபர் படம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். கருப்பாக இருந்த இடத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்து அழுதேன், அம்மாவிடம் சொல்.

கோட்டை மாற்றினார்கள். நம் தெரு உள்ளே வந்துவிட்டது. இதை முதலில் எழுதியதற்குக் காரணம், அடுத்ததை எழுதப் பயமாக இருப்பதுதான்.

சுவரின் நீளம் கூடவில்லை. பணம் அவ்வளவுதான். உங்களைச் சுற்றி வர வேண்டிய சுவரை வேறெங்கோ குறைத்தாக வேண்டும். உள்ளே இருந்தவற்றில் மிக மங்கலான இடம் எது என்று கணக்கே தேடி எடுத்துக்கொண்டது. கால்வாயின் அக்கரை வெளியே போய்விட்டது. நீங்கள் இருந்த அந்த நிறம் இப்போது அங்கே இருக்கிறது.

பிரிவுத் தலைவரிடம் மறுபடி போனேன். அக்கரையிலும் ஜனங்கள் இருக்கிறார்கள், மின்கம்பம் போகாததால் லாந்தர் வைத்துக்கொள்கிறார்கள் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "அந்த ஊரில் உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றால், சொந்த ஊருக்காகச் செய்தேன் என்று மாற்றிய கோட்டைத் திரும்பப் பழையபடி போட்டுவிடுவார்கள். "யாரும் இல்லை" என்றேன். அம்மாவை, உன்னை, பிறக்கப்போகும் குழந்தையை, எல்லோரையும் ஒரே வார்த்தையில் இல்லை என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

படம் எடுப்பது முடிந்துவிட்டது. வரைபடத்தை மூடிவிட்டார்கள். அக்கரையில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு எழுதாதே. தெரிந்துகொள்ளும் தைரியம் இல்லை.

பம்ப் இருக்கிறதா?

அக்கா

*

நவம்பர் 18

அக்கா,

நீ அத்தை ஆகிவிட்டாய். பெண். அம்மா உன் மூக்கு என்கிறாள். எனக்கு அது இன்னும் மூக்காகவே தெரியவில்லை.

பம்ப் இல்லை. போன மாதக் கடைசியில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், நானே போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தேன். வலி எடுத்த அன்று வீட்டுக்குள் முழங்கால்வரை தண்ணீர். கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தோம். தெருவில் படகு வந்ததை முதல்முறையாகப் பார்த்தேன். நர்ஸம்மா வாசற்படியிலேயே படகைக் கட்டிவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "பயப்படாதீங்க, தண்ணி கட்டிலுக்கு மேல வராது" என்றார். அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, நம்பினேன்.

உன் கடிதம் மறுநாள் வந்தது. அக்கரையில் யார் என்று எழுத வேண்டாம் என்கிறாய். நான் அதைப் படித்தபோது நர்ஸம்மா அடுத்த அறையில் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் எந்தக் கரையிலிருந்து வருகிறார் என்று உனக்கு ஆகஸ்டிலேயே எழுதிவிட்டேன்.

தேநீர் குடிக்கும்போது அவரே கேட்டார். "உங்க தெரு திடீர்னு இவ்ளோ வெளிச்சமா இருக்கே, எதுக்குன்னு எங்க பக்கம் எல்லாரும் கேக்கறாங்க." என் மகளை வெளியே எடுத்த கையில் தம்ளரை வைத்துக்கொண்டு கேட்கிறார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை, முழு உண்மையும் சொல்ல முடியவில்லை. மேலே இருந்து படம் எடுக்கிறார்கள், வெளிச்சம் இருந்தால் ஆள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வார்கள், சுவர் வரும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்களையும் எழுதிக்கச் சொல்லுங்க" என்றார்.

படம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். அவர்களுடைய இடத்தைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம் என்று சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன் அக்கா. கடலுக்கு நான் இவ்வளவு பயந்ததில்லை.

தையல்காரரிடமும் டிரைவரிடமும் மட்டும் உன் கடிதத்தைக் காட்டினேன். நேற்றுப் பொழுது சாய்வதற்குள் எங்கள் கம்பத்திலிருந்து வயரை இழுத்து, படகில் வைத்துக் கால்வாயைக் கடந்து அக்கரையில் கட்டிவிட்டோம். சீரியல் பல்பில் பாதியைக் கழற்றி அங்கே கொண்டுபோனோம். அக்கரையில் விளக்கு எரிந்ததும் குழந்தைகள் கத்திய சத்தம் இங்கே கேட்டது. பெரியவர்கள் எல்லோரும் வெளியே வந்து, நம் அம்மா அன்றைக்கு நின்ற மாதிரியே, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

நர்ஸம்மா என் பக்கத்தில் வந்து, "மேல இருந்து யாராச்சும் பாக்கறாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"பாக்கறாங்க. எங்கக்கா பாக்கறா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, பார்.

தம்பி